பீப்பாயின் அடியில் ஒரு சாவி

1

கீழப்பாவூர் நரசிம்மருக்குப் பதினாறு கைகள். இரணியனை மடியில் கிடத்திய உக்கிரக் கோலம். சுவாதி நட்சத்திரத்தன்று கூட்டம் நெரியும். வரிசையில் நகர்ந்து சன்னதிக்கு முன்னால் வந்து நின்றால் கிடைப்பது சில நொடிகள்தான். எண்ணெய் விளக்கின் வெளிச்சம், மாலைகள், சந்தனக் காப்பு. கலை வரலாற்று மாணவன் ஒரு சிற்பத்தைப் பார்ப்பதுபோல அந்த உருவத்தை அங்கே யாரும் பார்த்துவிட முடியாது. கைகளை எண்ணி முடிக்கும் முன்பே அடுத்த ஆள் முதுகில் இடிப்பார். ஆனால் வெளியே வந்து குளத்துப் பக்கம் செருப்பு மாட்டும்போது பலரும் சொல்லும் வார்த்தை ஒன்றுதான். “என்ன அழகு!”

பள்ளிக்கூடம் படிக்கும் காலத்தில் ஒருமுறை ஆச்சியிடம் கேட்டேன். “ஏ ஆச்சி, வயித்தைக் கிழிச்சிக்கிட்டுல்லா இருக்காரு. அதைப் போயி அழகுங்கியே?”

“அதுக்கென்னல? பிள்ளைக்காகத்தான வந்தாரு. ஒன்னைய ஒருத்தன் அடிக்கான்னு வையி, அப்ப ஒங்கம்ம மொகம் எப்பிடி இருக்கும்? அது அழகில்லையா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் நடந்தேன்.

அதன்பின் பொறியியல், சென்னை, மென்பொருள் வேலை. முப்பதைத் தாண்டிய பிறகு தொலைநிலைக் கல்வியில் தத்துவ முதுகலை சேர்ந்தேன். அதில் ‘கலைத் தத்துவமும் அழகியலும்’ என்று ஒரு தாள். ஆச்சியின் பதிலை மறுபடியும் நினைக்க வைத்தது அந்தத் தாள்தான். இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியது. அதைவிட, அந்தத் தாளில் இல்லாத ஒருவரைப் பற்றியது. எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துத் தென்காசி தாண்டினால் வரும் குற்றாலத்தில், தமிழுக்கென்று ஓர் அழகியல் வகுப்பைப் பாடத்திட்டமோ தேர்வோ இல்லாமல் நடத்திய ரசிகமணி டி.கே.சி.யைப் பற்றியது.

2

நான் படித்த பாடத்திட்டம் ஒரு நேர்கோடு. பிளேட்டோ கவிஞர்களை நகரத்தைவிட்டு வெளியே அனுப்புகிறார், அரிஸ்டாட்டில் திரும்ப அழைத்து வருகிறார். 1735இல் பௌம்கார்ட்டன் என்ற ஜெர்மானியர் புலனறிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஈஸ்தெடிக்ஸ்’ என்ற பெயரை உருவாக்குகிறார். பிறகு ஹியூம், கான்ட், ஹெகல், டால்ஸ்டாய். 1964இல் ஆண்டி வார்ஹோல் சோப்புப் பெட்டிகளைப் போலவே பெட்டிகள் செய்து காட்சிக்கு வைக்க, அதைப் பார்த்துவிட்டு ஆர்தர் டான்டோ ‘கலையுலகம்’ என்ற கருத்தாக்கத்துக்கு வருகிறார். கடைசியில் ‘இந்திய அழகியல்’ என்று ஓர் அலகு. பரதர், ஆனந்தவர்தனர், அபினவகுப்தர். கூடவே ஆனந்த குமாரசாமி. யாழ்ப்பாணத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, புவியியல் படித்து, இலங்கையில் கனிம ஆய்வுத் துறையை நடத்திவிட்டுக் கலைக்கு வந்தவர். பி.இ. படித்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அவரை நினைத்தால் கொஞ்சம் தெம்பு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அந்தப் பாடத்தில் எங்குமே இல்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தாள் எனக்கு நிறையவே கொடுத்தது. ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சூரியகாந்தி பூத்து நிற்கும். கேரளாவிலிருந்து கார் கார் ஆக வந்து இறங்கிப் படம் எடுப்பார்கள். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று, பயிரை மிதித்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனதில் விதை பிடிப்பு, எண்ணெய் விலை. பூவால் தனக்கு ஆக வேண்டியது எதையும் நினைக்காமல் அதைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சியைத்தான் கான்ட் 1790இல் எழுதிய நூலில் அழகுணர்வு என்கிறார். இந்த ஒரு வரையறை கையில் கிடைத்ததும் எத்தனையோ விஷயங்கள் பிரிந்து தெரிந்தன. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ஆச்சி நரசிம்மரைப் பார்த்த பார்வையில் வேண்டுதல் இருந்தது, பயம் இருந்தது, பாசம் இருந்தது. அப்படியென்றால் கான்ட் கணக்கில் அவள் சொன்ன ‘அழகு’ அழகே இல்லையா? குமாரசாமியைக் கேட்டால், வழிபாட்டுக்கென்று செய்ததை வழிபாட்டிலிருந்து பிரித்து வெறும் காட்சியாகப் பார்ப்பதுதான் பிறழ்வு என்பார். எனக்கு அவர் பக்கம் சாய்வு உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வி அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

என் தொழில் புத்தி வேறொன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தது. விதி. இன்ன இன்ன இருந்தால் அழகு, இல்லாவிட்டால் இல்லை என்று நாலு வரியில் எழுதிவிட முடியுமா? ஃபிராங்க் சிப்ளி என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1959இல் எழுதிய ஒரு கட்டுரை அந்த ஆசையை முடித்துவைத்தது. ஒரு கோடு வளைந்திருக்கிறது, ஒரு நிறம் வெளிறியிருக்கிறது என்பதைக் கண் உள்ள எவரும் சொல்லலாம். அது ‘நளினமாக’ இருக்கிறது என்று சொல்லத் தனியாக ஓர் உணர்திறன் வேண்டும். முதல் வகை விவரங்களை எத்தனை அடுக்கினாலும் இரண்டாவது தானாக வந்து விழாது. அப்படியானால் விமர்சகருக்கு என்ன வேலை? சிப்ளி ஒரு பட்டியல் தருகிறார். சுட்டிக்காட்டுவார், உவமை சொல்வார், ஒப்பிடுவார், திரும்பத் திரும்பச் சொல்வார். குரலும் கையசைவும்கூட உதவும். கடைசியில் எதிரில் இருப்பவருக்குச் சட்டென்று தெரியும். தெரியாமலும் போகலாம்.

இதைப் படித்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் சிப்ளியைக் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லாத ஒரு தென்காசிக்காரர்.

3

டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் பிறந்து 1954இல் மறைந்தவர். சட்டம் படித்தவர், அறநிலையத் துறை ஆணையராக இருந்தவர். நெல்லையில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர். பிற்காலத்தில் குற்றாலம். ராஜாஜி, கல்கி, நீதிபதி மகாராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப. சோமு என்று வந்து போனவர்கள் பலர். இடைசெவலில் இருந்து இளைஞர்களாக வந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும்.

அங்கே நடந்தது என்ன? வந்து கேட்டவர்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால், பெரிய கோட்பாடு எதுவும் இல்லை. ஒரு பாட்டை எடுப்பார். சொல்வார். சொல்லும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லை நீட்டுகிறார் என்பதுதான் உரை. மறுபடி சொல்வார். பாட்டு நடக்கும் சூழலை ஒரு சின்ன நாடகம்போல விரிப்பார். மறுபடியும் பாட்டு. இலக்கணக் குறிப்பு, அணியின் பெயர், பதவுரை இதெல்லாம் அவருக்கு ஆகாது. பண்டிதர்கள் மேல் அவருக்கு இருந்த எரிச்சல் ஊரறிந்தது. கம்பனும் முத்தொள்ளாயிரமும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிச் சாதாரண வாசகனிடம் வந்ததில் அவர் பங்கு பெரிது. கவிமணியை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவரும் அவரே.

இந்த முறையை நம் கல்வியுலகம் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தது. ‘ரசனை முறை’ என்று சொன்னாலே, ‘ஆஹா ஓஹோ’ என்று தலையாட்டுவது என்றுதான் அர்த்தம். க. கைலாசபதி போன்ற மார்க்சிய விமர்சகர்கள் அதை அகவயமானது, சமூகப் பார்வை இல்லாதது என்று ஒதுக்கினார்கள். எனக்கும் கல்லூரிக் காலத்தில் அந்த எண்ணம்தான். அழகியல் தாள் அதை மாற்றியது. விதியிலிருந்து அழகுக்கு வழி இல்லையென்றால், சுட்டிக்காட்டுவதும் திரும்பச் சொல்வதும் குரலை ஏற்றி இறக்குவதும் வாதத்துக்கு வக்கில்லாமல் செய்கிற வேலைகள் ஆகாது. அந்த இடத்தில் வாதம் என்பதே அதுதான். கான்ட் இதையே சொல்கிறார். ஒரு கவிதை எனக்குப் பிடிக்கவில்லை என்றால், பெரிய விமர்சகர்களையும் அவர்கள் வகுத்த விதிகளையும் கொண்டுவந்து அடுக்கினாலும் நான் காதைப் பொத்திக்கொள்வேன் என்கிறார். ஆனாலும், அழகு என்று நான் ஒன்றைச் சொல்லும்போது எல்லோரும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதோடு நான் நிற்பதில்லை. டி.கே.சி. ஒரு பாட்டை ஐந்தாவது முறை சொன்னபோது எதிர்பார்த்ததும் இதைத்தான். நிரூபிக்க முடியாது, ஆனால் நீயும் பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே டி.கே.சி.யின் முறை மழுப்பல் இல்லை என்பது என் முதல் முடிவு. அவர் தவறிய இடம் வேறு.

4

கம்பராமாயணத்தில் கிட்டத்தட்டப் பத்தாயிரம் பாடல்கள். அவற்றில் பெரும்பகுதி பிறர் எழுதிச் செருகியவை என்றார் டி.கே.சி. தாம் கம்பன் பாட்டு என்று கண்டவற்றை எடுத்து ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று உரையோடு வெளியிட்டார். சில பாடல்களில் சொற்களையும் மாற்றினார். எந்த ஆதாரத்தில்? பெரும்பாலும் அவர் காதுதான் ஆதாரம். இந்தப் பாட்டில் தாளம் தட்டுகிறது, உணர்ச்சி இல்லை, கம்பன் இப்படிப் பாடமாட்டான்.

இந்த இடத்துக்கு ஹியூமிடம் ஒரு கதை இருக்கிறது. 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டான் குயிக்ஸாட் நாவலிலிருந்து அதை எடுக்கிறார். சாஞ்சோவின் உறவுக்காரர்கள் இரண்டு பேர். ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்வதில் கெட்டிக்காரர்கள். ஒரு பீப்பாய் ஒயினை அவர்களிடம் கொடுக்கிறார்கள். ஒருவர் சுவைத்துவிட்டு, நல்ல சரக்குதான், லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார். இன்னொருவர், நல்லதுதான், ஆனால் இரும்பு வாடை என்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் ஒரு பழைய சாவி கிடக்கிறது, தோல் வாரில் கட்டியபடி.

நம் ஊரில் பதநீர் குடிக்கிற பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு மடக்கு குடித்ததுமே கலயத்தில் சுண்ணாம்பு கூடிப்போச்சு என்பார்கள். சரியாகவும் இருக்கும்.

ஹியூம் சொல்ல வந்தது, நுட்பமான ரசனை என்பது கற்பனை இல்லை, பொருளில் உண்மையாகவே இருக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்கும் திறன் என்று. டி.கே.சி.க்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார். ஆயிரமாயிரம் பாட்டுகளில் ஊறிய காது ஒன்று, இது வேறு ஆள் கை என்று சொன்னால் அதை லேசாகத் தள்ள முடியாது. வருடக்கணக்காக ஒரே குழுவில் வேலை செய்தால், பெயரைப் பார்க்காமலே இந்த நிரலை எழுதியது யார் என்று என்னால் சொல்ல முடிகிறது. பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. பெரும்பாலும்தான்.

ஆனால் அந்தக் கதையில் பீப்பாயைக் காலி செய்கிறார்கள். சாவி கிடைத்த பிறகுதான் சிரித்தவர்கள் வாய் மூடியது. ‘இந்தப் பாட்டு அழகில்லை’ என்பது ஒரு தீர்ப்பு. அதற்குச் சாவி கிடையாது, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டத்தான் முடியும். ‘இந்தப் பாட்டைக் கம்பன் எழுதவில்லை’ என்பது முற்றிலும் வேறு வகை. அது நடந்த ஒன்றைப் பற்றிய கூற்று. அதற்குச் சாவி உண்டு, அல்லது இருந்திருக்க வேண்டும். பீப்பாய் என்பது இங்கே சுவடிகள். எத்தனை ஏட்டில் இந்தப் பாட்டு இருக்கிறது, எந்தப் பகுதி ஏடுகளில் இல்லை, சொல்வழக்கு எந்தக் காலத்தையது. டி.கே.சி. முதல் வகைத் தீர்ப்பில் தனக்கிருந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது வகையில் பயன்படுத்திவிட்டார். பெருங்கவிஞனும் சுமாரான பாட்டு எழுதுவான் என்ற சாதாரண உண்மைக்கு அவர் முறையில் இடமே இல்லை. கம்பன் எழுதியது எல்லாம் உயர்ந்தது, ஆகவே உயராதது கம்பன் எழுதியதில்லை. இந்தச் சுற்றுக்குள் போய்விட்டால் எந்தச் சுவடியாலும் வெளியே கொண்டுவர முடியாது.

அதே நெல்லைச் சீமையில், அவரைவிட ஒன்பது வயது இளையவராக, எஸ். வையாபுரிப் பிள்ளை இருந்தார். அவரும் வழக்கறிஞராகத் தொழில் பார்த்தவர். பின்னர் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆனார். ஏடுகளை ஒப்பிட்டு, சொற்களின் காலத்தைப் பார்த்து, கிடைத்த முடிவு யாருக்குக் கசந்தாலும் அப்படியே சொன்னவர். இரண்டு வக்கீல்கள். ஒருவர் சாட்சியத்தை அடுக்கினார், இன்னொருவர் வழக்கின் சாரம் தன் மனசுக்குத் தெரியும் என்றார். தமிழ் இலக்கியக் கல்வி பிறகு இந்த இரண்டையும் ஒரே வகுப்பறைக்குள் கொண்டுவரவே இல்லை. பல்கலைக்கழகம் ஒருவரை எடுத்துக்கொண்டது, மேடைகள் இன்னொருவரை. நஷ்டம் இரண்டு பக்கமும். சுவடி பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பாட்டைச் சொல்லிக் காட்டத் தெரியாமல் போனது. சொல்லிக் காட்டத் தெரிந்தவர்கள் சுவடி பக்கமே போகவில்லை.

பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுவடிகளை ஒப்பிட்டுக் கம்பராமாயணத்தைப் பல தொகுதிகளாகப் பதிப்பித்தது. ஐயத்துக்குரிய பாடல்களை ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே பிரித்துக் கொடுக்கும் வழக்கமும் பதிப்புகளில் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. எங்கள் தொழிலிலும் முதலில் கற்றுக்கொள்கிற ஒழுக்கம், பிடிக்காததை அழிக்காதே, தனியே எடுத்து வை, ஏன் எடுத்தாய் என்று குறிப்பு எழுது. டி.கே.சி. எதையும் எரித்துவிடவில்லை என்பது உண்மைதான். அவர் தொகுத்தது அவர் ரசனையின் தொகுப்பு. அப்படியே பெயர் வைத்திருந்தால் அது தமிழின் மிகச் சிறந்த தேர்வு நூல்களில் ஒன்று. கம்பர் ‘தருவது’ இதுதான் என்று சொன்னதில்தான் சிக்கல்.

5

இப்போது நரசிம்மரிடம் திரும்பலாம். கம்பனின் யுத்த காண்டத்தில் இரணியன் வதைப் படலம் இருக்கிறது. விபீடணன் ராவணனுக்குச் சொல்கிற கதை. வால்மீகியில் இது கிடையாது. மூலத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இது ஒட்டாத பகுதி, கதையோட்டத்தை நிறுத்தும் கிளைக்கதை. ஆனால் கம்பனின் உச்சங்களில் ஒன்றாக இதைச் சொல்லாதவர்கள் குறைவு. தூண் பிளந்து சிங்கம் சிரிக்கிற இடத்தை ஒரு நல்ல சொற்பொழிவாளர் சொல்லக் கேட்டால், ஆச்சி சொன்னது புரியும்.

இந்தப் படலத்தை ஒட்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. அரங்கேற்றத்தின்போது பண்டிதர்கள் இந்தப் பகுதிக்கு ஆட்சேபம் சொன்னார்களாம். மேட்டழகிய சிங்கர் சன்னதியில் வாசிக்கும்போது நரசிம்மரே தலையசைத்து ஏற்றாராம். இது வரலாறு இல்லை. ஆனால் அழகியல் மாணவனுக்கு நல்ல பாடம். ஒரு படைப்பு நல்லதா என்ற சண்டை தீராதபோது, நம் மரபு ஒரு நடுவரைக் கற்பனை செய்திருக்கிறது. அந்த நடுவர் காரணம் எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். பாட்டில் வருகிறவரே ரசிகராக உட்கார்ந்து கேட்கிறார். ஹியூம், பயிற்சியும் விருப்பு வெறுப்பற்ற மனமும் கொண்ட விமர்சகர்களின் ஒருமித்த தீர்ப்பே அளவுகோல் என்றார். நாம் அந்த இடத்தில் சாமியை உட்கார வைத்தோம்.

மனிதர்களில் அந்த இடத்தில் யார் உட்காரலாம் என்று கேட்டால் கைலாசபதியின் கோபத்தில் நியாயம் தெரிகிறது. சமஸ்கிருத மரபு ரசிகனை ‘சஹ்ருதயன்’ என்கிறது. ஒத்த மனம் உள்ளவன். ஒத்த மனம் வர முதலில் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமே. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் வைத்தியநாத ஐயருடன் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்றுதான். அதுவரை ஆயிரங்கால் மண்டபத்துச் சிற்பத்தின் அழகு பற்றிய ‘எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டிய’ தீர்ப்பில் அந்த எல்லோருக்குள் யார் இருந்தார்கள்? வட்டத்தொட்டி தாராளமான இடம்தான், சம்சாரி வீட்டுப் பையன்களும் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் சாயங்கால நேரத்தைப் பாட்டுக்குக் கொடுக்க முடிந்தவர்களின் வட்டம் அது. இது ரசனையைப் பொய்யாக்கவில்லை. எத்தனை காதுகளைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டோம் என்பதைக் காட்டுகிறது. பீப்பாயைச் சுற்றி நின்று சுவைக்க இன்னும் ஆட்கள் வேண்டும்.

6

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு களன்களைக் காட்டுகிறது. அச்சம் பிறக்கும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமும் பேயும் போன்றவை, மிருகம், திருடர், அதிகாரத்தில் உள்ளவர். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சன்னதிதான் கண்ணில் வந்தது. அந்த உருவம் அணங்கு, விலங்கு, இறை மூன்றும் ஒன்றாக இருப்பது. கீழே மடியில் கிடப்பவனோ உலகையே அச்சுறுத்திய அரசன், மற்றவர்களுக்கு உரியதைப் பறித்துக்கொண்டவன். அச்சத்தின் களன்கள் எல்லாம் ஒரே கல்லில். அப்படிப்பட்ட ஒன்றின் முன்னால் நிற்கும் கிழவிக்கு அச்சம் போய் உவகை வருகிறது. எப்படி? அபினவகுப்தர் ரசத்துக்குத் தடையானவை என்று ஏழைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று, தன் சொந்தச் சுகதுக்கத்திலேயே மூழ்கிக் கிடப்பது. ஆச்சி தன் பயத்தோடு நிற்கவில்லை, பிரகலாதனின் இடத்திலிருந்து பார்த்தாள். கான்ட்டின் பற்றற்ற பார்வை அது இல்லை. தன்னை மறந்த பார்வை, ஆனால் பாசத்தை விடாத பார்வை. இந்த வேறுபாட்டைப் பேசுவதற்கு மெய்ப்பாட்டியல், அபினவகுப்தர், கான்ட் மூவரும் ஒரே மேசையில் வேண்டும். நான் படித்த தாளில் ஒருவர் இல்லை, மற்ற இருவரும் வேறு வேறு அலகுகளில் இருந்தார்கள், சந்திக்கவே இல்லை.

கலைத் தத்துவத்தைக் கல்லூரியில் கற்பிப்பதென்றால் இந்தச் சண்டைகளை வைத்துக் கற்பிக்கலாம். ஒரு கம்பன் பாட்டு. டி.கே.சி. அதை விலக்கியது சரியா? அழகு பற்றிய தீர்ப்பா, ஆசிரியர் பற்றிய தீர்ப்பா? சுவடியில் என்ன இருக்கிறது? ஹியூம் என்ன சொல்வார்? இரண்டு மணி நேரம் மாணவர்கள் அடித்துக்கொண்டால் ஹியூம் மறக்கவே மாட்டார். அதற்கு முதலில் யாராவது அந்தப் பாட்டை வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் பாடப்புத்தகத்தில் அழகு பற்றி முந்நூறு பக்கம் இருந்தது. முழுதாக ஒரு பாட்டு இல்லை.

தேர்வு முடிந்த மாதம் ஊருக்குப் போனபோது ஆச்சியைச் சுவாதிக்குக் கூட்டிப்போனேன். இப்போது அவளுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. சன்னதி முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் கேட்டேன், “தெரிஞ்சுதா ஆச்சி?”

“விளக்கு தெரிஞ்சுது,” என்றாள். கொஞ்சம் கழித்து, “அழகா இருந்தாருல்லா?” என்று என்னைக் கேட்டாள்.

ஆமா என்றேன். அந்த ‘ஆமா’வுக்கு என்னிடம் காரணம் கேட்டிருந்தால் கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப்போயிருப்பேன். வேறு வழி எனக்குத் தெரியாது.